குடும்பம் அங்கே, நீங்கள் இங்கே!

ஒரு பெரிய ஹோட்டலின் நடு ஹாலில், அறுபது பேர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, "அந்த அம்மாவோட புருஷன் யாரு?" என்று உங்களை யாராவது கூவித் தேடியிருக்கிறார்களா? என்னைத் தேடினார்கள். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தியாகராய நகரில்.

நாலு நாளாகிறது. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். போன மாதம் எங்கள் ஒரே பெண்ணுக்குக் கல்யாணம் செய்து அனுப்பினோம். களேபரமெல்லாம் ஓய்ந்து, மயிலாப்பூர் வீட்டில் நானும் என் அகமுடையாள் ஜானகியும் மட்டும் மிஞ்சினோம். ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அவள் பரிமாறிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்:

"ஏன்னா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து எப்போ சாப்பிட்டோம்?"

"தினமும்தான்..." என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். தினமும் நான் சாப்பிடுவேன். நான் எழுந்து கையலம்பிய பிறகு அவள் சாப்பிடுவாள். அது எப்படிச் சேர்ந்து சாப்பிட்டதாகும்?

"நம்ம கல்யாணத்தன்னிக்குப் பக்கத்துல பக்கத்துல இலை போட்டா. எனக்கு அப்போ பன்னண்டு வயசு. வெக்கத்துல அப்பளத்தைக்கூடத் தொடலை. அதோட சரி."

பெண்ணும் மாப்பிள்ளையும் பந்தியில் அருகருகே உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டதைப் பார்த்தபோது ஞாபகம் வந்ததாம்.

"சரி, இப்போ உனக்கு என்ன வேணும்? சொல்லு."

"ஒரு நாள்... ஒரே ஒரு நாள். யாரோ சமைக்கணும், யாரோ பரிமாறணும். நீங்க எதிர்ல உக்காரணும், நானும் உக்காரணும். அவ்வளவுதான்."

வைர மூக்குத்தி கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். இது ஒரு பிரமாதமா? பட்டணத்தில் ஹோட்டலுக்கா பஞ்சம்? "ஜமாய்ச்சுடலாம்!" என்றேன். நல்லதாக, உசத்தியாக, அவள் ஆயுசுக்கும் மறக்காதபடி ஒரு ஹோட்டலைப் பார்த்துப் பொறுக்குவது என் பொறுப்பு என்றும் சொன்னேன். (குடும்ப ஸ்திரீ ஹோட்டலில் சாப்பிடலாமா, ஆசாரம் என்ன ஆவது என்று கேட்கிற வாசகர்கள் தயவு செய்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். அங்கே பஞ்சாங்கம் இருக்கிறது.)

உசத்தி என்றால் மவுண்ட் ரோடுதானே? ஆபீஸ் விட்டதும் அங்கேயுள்ள ஓர் இங்கிலீஷ் ஹோட்டலுக்குப் போனேன். வாசலில் தலைப்பாகையும் பித்தளைப் பொத்தானுமாக ஒரு பட்லர். ராத்திரி டின்னருக்கு சம்சாரத்தோடு வரலாமா என்று விசாரித்தேன்.

"தாராளமா வா சார். கோட்டும் டையும் மட்டும் கட்டிக்கினு வந்துடு. இல்லாங்காட்டி தொரை உள்ள உட மாட்டாரு."

"சைவச் சாப்பாடு இருக்கா?"

"கீது சார். உருளைக்கெழங்கு கீது. பட்டாணி கீது. வேணும்னா முட்டை கீது."

முட்டையைக் காது கேளாதவன் போல விட்டுவிட்டு, முக்கியமான கேள்வியைக் கேட்டேன். "நாங்க ரெண்டு பேரும் ஒரே மேஜையில உக்காரலாமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார் அப்டி கேட்டுட்ட? தொரையும் தொரசாணியும் எதுர எதுரதான் குந்திக்கினு துன்னுவாங்கோ. பொஞ்சாதியைத் தனியா குந்த வெக்கிற பயக்கம் இங்க கெடையாது."

நியாயமான மனுஷர். ஆனால் ஜானகி உருளைக்கிழங்கையும் பட்டாணியையும் முள்கரண்டியால் குத்திச் சாப்பிடுவதற்கா ஆசைப்பட்டாள்? சேர்ந்து உட்கார இடம் இருந்தது. சாப்பிடத்தான் ஒன்றும் இல்லை.

அடுத்தது, எங்கள் குளத்தங்கரைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கிளப். அதன் சொந்தக்காரர் எனக்குப் பல வருஷப் பழக்கம். விஷயத்தைச் சொன்னதும், நான் யார் வீட்டிலோ திருடச் சொன்னது போலப் பதறினார்.

"மாமியை இங்க அழைச்சுண்டு வரதாவது! நாலு பேர் என்ன சொல்லுவா? மெனக்கெடாதேயும். கேரியர்ல கட்டிக் குடுத்துடறேன். ஆத்துல வெச்சு மாமி சூடு பண்ணி, உமக்குப் பரிமாறட்டும்."

சூடு பண்ணி, எனக்குப் பரிமாறட்டும்! எப்படி இருக்கிறது யோசனை? ஹோட்டல் சாப்பாட்டுக்கும் அவள்தான் அடுப்பு மூட்ட வேண்டும். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்; சொல்லியிருந்தால் பழக்கம் முறிந்திருக்கும்.

அப்போதுதான் பேப்பரில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. தியாகராய நகரில் புதிதாகத் திறந்த ஹோட்டல். மாடி வைத்த கட்டடம். எலெக்ட்ரிக் விசிறி, சலவைக்கல் மேஜை, சுத்தமான நெய். கடைசி வரியில் கொட்டை எழுத்தில்: 'குடும்பத்துடன் வருவோருக்குத் தனி வசதி உண்டு.'

குடும்பத்துடன்... தனி வசதி! படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தேன். நானும் ஜானகியும் மட்டும் உட்கார ஒரு தனி அறை. தலைக்கு மேலே விசிறி. இதைவிட வேறென்ன வேண்டும்? வார்த்தையை வைத்து வயிறு வளர்க்கிறவன் நான். 'தனி' என்கிற இரண்டெழுத்தில் கோட்டை விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜானகி மத்தியானமே தயாராகிவிட்டாள். பெண் கல்யாணத்துக்கு வாங்கிய அரக்குப் பட்டுப் புடவை. தலையில் மல்லிகைப்பூ. அடுப்பை அணைத்து, சமையலறைக் கதவைச் சாத்தி, அதற்கு ஒரு பூட்டும் போட்டாள்! "இன்னிக்கு ராத்திரி இதுக்கும் லீவு" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகிறது. ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு போனோம்.

ஹோட்டல் என்னவோ ஜோராகத்தான் இருந்தது. வாசல் மேஜையில் மானேஜர். எங்களைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். அப்புறம் வலது கையை ஒரு பக்கமும் இடது கையை ஒரு பக்கமும் நீட்டினார்.

"அம்மா அப்படிப் போகலாம். சார் இப்படி வரலாம்."

அந்த 'அப்படி'யில் ஒரு பச்சைத் திரை தொங்கியது. பக்கத்தில் கையலம்பும் தொட்டி. தொட்டிக்கு மறுபக்கம் வாழையிலைக் கட்டுகள். 'இப்படி'யில்தான் விசிறி, சலவைக்கல், விளக்கு எல்லாம்.

"நாங்க சேர்ந்து உக்காரணும், சார். குடும்பத்துடன்னு விளம்பரம் போட்டிருக்கேளே?"

"ஆமாம் சார், போட்டிருக்கோம். குடும்பம் அங்கே. நீங்க இங்கே."

"அப்போ நான் குடும்பம் இல்லையா?"

"நீங்க ஆம்பளை, சார்" என்றார், குழந்தைக்குப் பாடம் சொல்லுகிற பொறுமையோடு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாலி கட்டிய மனைவிக்கு எதிரே உட்கார்ந்து ஒரு கவளம் சாதம் சாப்பிட எனக்கு யாருடைய அனுமதி வேண்டும்? அடுத்த மேஜையில் முன்பின் தெரியாத நாலு ஆண்கள் முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டு உட்காரலாம். என் வீட்டுக்காரி உட்கார்ந்தால் மட்டும் ஹோட்டலின் கௌரவம் போய்விடுமா? குரலை உயர்த்திக் கேட்டேன். ஹாலில் தலைகள் திரும்பின. ஜானகி என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"சண்டை வேண்டாம்னா. இத்தனை தூரம் வந்தாச்சு. ஆத்துல அடுப்பையும் அணைச்சாச்சு. எனக்குப் பசிக்கறது."

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் ஹாலில், ஒரு மீசைக்காரருக்கும் இருமல்காரருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன்.

என்ன பரிமாறினார்கள், எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. கோபத்தோடு சாப்பிட்டால் எல்லாம் ஒரே ருசிதான். பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போது, திரைப் பக்கத்திலிருந்து பரிமாறுகிற ஆசாமி ஒருவர் விரைந்து வந்து ஹால் நடுவில் நின்றார்.

"மயிலாப்பூரிலேருந்து வந்த அம்மாவோட புருஷன் யாரு சார்?"

இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள். நான் தூக்கவில்லை.

"பேர் என்னன்னு கேட்டா அந்த அம்மா சொல்ல மாட்டேங்கறாங்க சார்! அரக்குப் புடவை கட்டின அம்மா! அவங்க வீட்டுக்காரருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்காதாம். சாப்பிட்டா உடம்பெல்லாம் அரிக்குமாம். போடாதேன்னு சொல்லி அனுப்பினாங்க. அந்த அரிப்பு சார் யாரு?"

அறுபது பேரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அரிப்பு சாரைத் தேடினார்கள். மீசைக்காரர் என்னை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். நான் என் இலையைப் பார்த்தேன். கத்தரிக்காய் கறி முழுவதும் உள்ளே போயிருந்தது.

கையைத் தூக்கினேன். வேறு வழி?

புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவள் சொல்லவில்லை. அவள் மேல் என்ன தப்பு? எதிரே உட்கார்ந்திருந்தால் கண்ணாலேயே ஒரு ஜாடை காட்டியிருப்பாள். காரியம் முடிந்திருக்கும். பாயசம் வருமுன் எழுந்துவிட்டேன். கையை அலம்பிக்கொண்டு, மானேஜரிடம் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் மறுபடியும் கும்பிட்டார். அந்தக் கும்பிட்டைக் கண்டதும் இன்னும் கோபம் வந்தது.

வாசலில் நின்றேன். கால் மணி... அரை மணி... ஜானகி வரவில்லை. உள்ளே அழுதுகொண்டிருக்கிறாளோ? ஆசையாகக் கேட்ட ஒரே விஷயம் இப்படி நாறிப்போயிற்றே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

வந்தாள். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். முகமெல்லாம் பூரிப்பு!

"நன்னா சாப்பிட்டேளா?" என்றாள்.

ஜட்காவில் ஏறியதும் பொரிந்து தள்ளினேன். பத்திரிகையில் எழுதப் போகிறேன், ஹோட்டல் பெயரைப் போட்டே எழுதப் போகிறேன், ஆசிரியர் சம்மதித்தாலும் சரி, சம்மதிக்காவிட்டாலும் சரி... பனகல் பார்க் தாண்டுகிற வரையில் அவள் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"ஏன்னா, ரசம் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து விட்டான். ரெண்டு தடவை வாங்கிண்டேன். நாக்குகூடச் சுட்டுடுத்து."

"நாக்கு சுட்டதுக்கா இத்தனை சந்தோஷம்?"

"குடித்தனம் பண்ண வந்த நாள்லேர்ந்து நான் சூடா ரசம் சாப்பிட்டதில்லையே."

சாதாரணமாகத்தான் சொன்னாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை. ரசம் கொஞ்சம் ஆறியிருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த நாட்கள் எத்தனை என்று நான் எண்ணிப் பார்க்கத் துணியவில்லை.

பேச்சை மறுபடியும் மானேஜர் பக்கம் திருப்பினேன். "ஆனா நீ கேட்டது சேர்ந்து உக்காரணும்னுதானே? அந்த மானேஜர் விடலையே!"

"ஆமாம். அங்க மானேஜர் விடலை." வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ஆத்துல எந்த மானேஜர் விடலை?"

மயிலாப்பூர் வந்து சேரும்வரை முழங்கையைச் சொறிந்துகொண்டே வந்தேன். உடம்பு அரித்தது. கத்தரிக்காய்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை, ஆபீஸ் போகுமுன் சாப்பிட நானே இரண்டு இலை போட்டேன். எதிரெதிரே. பாத்திரங்களை நடுவில் இழுத்து வைத்தேன். ஜானகி வந்து பார்த்துவிட்டு, "யார் வரா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை.

"நீதான்" என்றேன்.

உட்கார்ந்தாள். பாதிச் சாப்பாட்டுக்குள் மூன்று தடவை எழுந்துவிட்டாள் — உப்புக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை, ஒன்றுமில்லாததற்கு ஒரு தடவை. பழக்கம்! நாலாவது தடவை எழுந்தபோது நான் அதட்டினேன். உட்கார்ந்தவள், ரசத்தை ஊதி ஊதிச் சாப்பிட்டாள்.

இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருந்தபோது, அந்த ஹோட்டலின் பெயரைப் போட்டு நாறடிக்கும் இடத்துக்கு வந்தேன். ஜானகி தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"அந்த ஹோட்டல் பேரைப் போடறதானா, ஆத்து மானேஜர் பேரையும் போட்டுடுங்கோ. என் வாயால நான் சொல்லப்படாது. நீங்களே எழுதிக்கோங்கோ."

ஹோட்டல் பெயரை அடித்துவிட்டேன். ஆத்து மானேஜர்தான் இதை எழுதியவர்; அவர் பெயரை ஆசிரியர் அச்சில் போட்டுக்கொள்ளட்டும்.