மூவாயிரத்து நானூற்றுப் பத்தொன்பதாவது ஃபைல்

10 ஜூன் 2024 – 3,418
15 ஜூலை 2024 – 4,866
29 ஜூலை 2024 – 3,418
4 செப்டம்பர் 2024, முற்பகல் – 3,419
4 செப்டம்பர் 2024, பிற்பகல் – 4,867

இவை ரூபாய் அல்ல. ஆலங்குடிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவே இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், ஒரு கம்ப்யூட்டருக்குள், ஒரு ஃபோல்டரில் இருந்த ஃபைல்களின் எண்ணிக்கை. எண்ணியவன் நான். வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆவணக் காப்பாளனாக இருந்துவிட்டு, இப்போது அக்கல்லூரியின் இருப்புப் பதிவேட்டை எழுதுகிறேன். இந்த எண்களால் வேலை போகவிருந்தவர் ஆய்வக உதவியாளர் இளமதி.

வல்லத்திராக்கோட்டையில் கடலை விவசாயி ஒருவரின் இரண்டாவது மகள். பாலிடெக்னிக் டிப்ளமா. பணியில் சேர்ந்தது 8 ஜூலை 2015, தற்காலிகம். எங்கள் கல்லூரியில் தற்காலிக ஆணை பதினொரு மாதத்துக்குத்தான் செல்லும். அது முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி விட்டு அடுத்த ஆணை கொடுப்பார்கள். தொடர்ந்து வேலை பார்த்ததாக யாரும் உரிமை கேட்டுவிடக் கூடாதல்லவா! அந்த ஒரு நாளும் இளமதி வேலைக்கு வருவார், ஆய்வகத்தைத் திறப்பார், இருபத்தெட்டு கம்ப்யூட்டர்களையும் துடைப்பார். வருகைப் பதிவேட்டில் மட்டும் கையெழுத்திட மாட்டார். அப்படி ஒன்பது நாட்கள். முதலாவது 8 ஜூன் 2016, ஒன்பதாவது 16 அக்டோபர் 2023. இடையில் உள்ளவை கேட்டால் தருவேன்.

கடந்த ஜூனில் தாளாளர் குணசேகரன் அவரை அழைத்துச் சொன்னார்: “செப்டம்பர் பதினெட்டு ஆய்வுக் குழு வருதும்மா. வந்துட்டுப் போகட்டும், ஒன்னைய பெர்மனென்ட் பண்ணிடுறேன்.”

கல்லூரிக்கு அங்கீகாரம் வழங்கும் அக்குழுவுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில், எங்கள் மாணவர்கள் இலவச மென்பொருளின் மூல நிரலான சோர்ஸ் கோடைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்று துறைத் தலைவர் சூர்யபிரகாஷ் எழுதியிருந்தார். எழுதிய பிறகு, அப்படி ஏதாவது கல்லூரியில் இருக்கிறதா என்று இளமதியிடம் கேட்டார். இல்லை. உடனே, தட்டெழுதவும் திருத்தவும் உதவும் ஓர் இலவச டெக்ஸ்ட் எடிட்டரின் சோர்ஸ் கோடு முழுவதையும் இளமதி இறக்கி வைத்தார்.

கல்லூரிக்குள் வரும் எதுவும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்பது விதி. விவேகமுள்ளவன் ‘மென்பொருள் – 1’ என்று எழுதி முடித்திருப்பான். நான் 3,418 பெயர்களையும் ஒவ்வொன்றாக எழுதினேன். நான்கு நோட்டு, இருபத்திரண்டு வேலை நாட்கள்.

அட்டெண்டர் பிச்சை எட்டிப் பார்த்தார். “என்ன சார், வாக்காளர் பட்டியலா? வீட்டு நம்பரைக் காணோம்?”

பதிவேட்டில் ஏறிய பொருளுக்கு வெள்ளைப் பெயின்டில் எண் எழுதுவது பிச்சையின் வேலை. நாற்காலி, மின்விசிறி, குப்பைக்கூடை எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறார். டப்பாவும் பிரஷுமாக ஆய்வகத்துக்கு வந்து நின்றார். “இதுக்கு எங்கிட்டு சார் நம்பர் எழுதுறது?” துறைத் தலைவர் யோசித்து, மானிட்டரின் நெற்றியில் ‘1 முதல் 3418 வரை’ என்று எழுதச் சொன்னார். இன்றும் இருக்கிறது.

அதன் பிறகு துறைத் தலைவர் அந்த ஃபோல்டருக்குள் நுழைந்தார். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அகர வரிசையில் முதலில் நின்றதைத் திறந்தார். அது உரிம ஒப்பந்தம். யார் நகலெடுக்கலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்ற சட்ட வாசகம். அதை இரண்டு நாள் படித்து, எடிட்டர் இயங்கும் விதம் இதுதான் என்று மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தார். மாணவர்களும் குறிப்பெடுத்தார்கள்.

இளமதி திறந்தது ரீட்மீ என்ற ஃபைலை. என்னைப் படி என்று பெயரிலேயே சொல்லும் ஒன்றை அக்கட்டடத்தில் படித்தவர் அவர் ஒருவர்தான்.

“எது எங்கிட்டு இருக்குன்னு இதுலயே எழுதியிருக்காங்க ஐயா. இந்த ஃபோல்டர்ல இன்ஜின். இதுல அந்த இன்ஜினை வச்சு ஓடுற மத்ததெல்லாம். இது கையேடு. இது எப்படி உண்டாக்குறதுன்னு சொல்றது. இந்தா பாருங்க, இது ஒங்களுக்குப் பிடிக்கும்.”

அது மாறுதல் குறிப்பு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எந்த நாளில், யார், எந்த வரியை, ஏன் மாற்றினார்கள் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள். சம்பளம் வாங்காதவர்களாம். சம்பளம் வாங்கியவர்களிடம் அந்த ஒழுங்கை நான் கண்டதில்லை.

ஜூலையில் இளமதி, எப்படி உண்டாக்குவது என்று சொன்ன ஃபைலில் கண்டபடி இரண்டு கட்டளைகளைத் தட்டினார். பதினோரு நிமிடம் திரையில் எழுத்து ஓடியது. முடிவில் எடிட்டர் எழுந்து நின்றது. நானே அதில் என் பெயரைத் தட்டிப் பார்த்தேன்.

ஜூலை 15 அரையாண்டு இருப்புச் சரிபார்ப்பு. எண்ணினேன்: 4,866. எழுதினேன்: கூடுதல் 1,448.

“யாரைக் கேட்டு இதெல்லாம் உள்ள கொண்டாந்தே?” என்றார் துறைத் தலைவர்.

“கொண்டாரல சார். மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்தும்போது அதுவா உண்டாகும்.”

“அதுவா உண்டாக இதென்ன காளானா? எடு எல்லாத்தையும்!”

இளமதி ஒரு கட்டளை தட்டினார். அந்த ஃபோல்டருக்குள் உண்டானவை எல்லாம் போயின; வேறு ஃபோல்டரில் அவர் நிறுவியிருந்த எடிட்டர் மட்டும் தங்கியது. ஜூலை 29 மறுசரிபார்ப்பு: 3,418. முந்தைய பதிவு 4,866 என்பதால், குறைவு 1,448 என்று எழுதினேன். நான் எழுதிய ஒவ்வோர் எண்ணும் சரி. அதனால் ஒருவர் வேலை போகுமா என்று எழுத இருப்புப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

ஆகஸ்ட் 5 அன்று இளமதிக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. குற்றம் ஒன்று, அனுமதியின்றி 1,448 இனங்களை உள்ளே கொண்டுவந்தது. குற்றம் இரண்டு, அனுமதியின்றி 1,448 இனங்களை அப்புறப்படுத்தியது. ஒன்றை மற்றது நேர் செய்துவிடுமே என்று கேட்டேன்.

“ரெண்டும் வேற வேற குத்தம் சார்” என்றார் சூர்யபிரகாஷ். அந்த நிரந்தர இடத்தைத் தம் மைத்துனிக்கு அவர் கேட்டிருந்தார் என்பதை, அவர் கொடுத்த விண்ணப்பத்தை நானே தேதி முத்திரையிட்டு வாங்கியதால் அறிவேன்.

விசாரணை செப்டம்பர் 4, ஆய்வகத்தில். நிரூபணமானால் வேலைநீக்கம். தாளாளரே தலைமை. முதலில் என்னை எண்ணச் சொன்னார்கள். 3,419 என்று வந்தது.

“பாத்தீங்களா சார்! விசாரணை நடக்கும்போதே ஒண்ணு சேத்திருக்கு!” துறைத் தலைவரின் குரல் வராந்தா வரை கேட்டது.

இளமதி என்னைப் பார்த்தார். “ஐயா, அந்த நாலு நோட்டையும் கொண்டு வாங்க.”

திரையில் இருந்த பெயர்களை அவர் வாசிக்க, நான் நோட்டில் டிக் செய்தேன். இரண்டு மணி நாற்பது நிமிடம். தாளாளர் இரண்டு டீயும் ஆறு பருப்பு வடையும் முடித்தார். கடைசியில் நோட்டில் இல்லாத பெயர் ஒன்று சிக்கியது. ரீட்மீயின் பெயரேதான், வாலில் ஒரு நெளிகோட்டுடன்.

“ஒரு ஃபைலைத் திருத்திச் சேமிச்சா, திருத்துறதுக்கு முந்தி இருந்ததை இந்த எடிட்டர் நெளிகோடு போட்டுத் தனியா எடுத்து வச்சிரும் சார். ரீட்மீயை யாரோ திருத்தியிருக்காங்க.”

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தார். பழையதில் இல்லாத ஒரு வரி புதியதன் உச்சியில் இருந்தது. இந்த மென்பொருள் முனைவர் சூர்யபிரகாஷ் அவர்களின் தலைமையில் இத்துறையில் உருவாக்கப்பட்டது. சேமித்த நேரம்: ஆகஸ்ட் 24, சனிக்கிழமை, மாலை 4.12. அன்று இளமதி விடுப்பு. சாவிப் பதிவேட்டில் ஆய்வகச் சாவிக்குக் கையெழுத்திட்டவர் யார் என்று நான் வாசித்துக் காட்டினேன்.

“சும்மா... பாக்கத்தான் தொறந்தேன்” என்றார் துறைத் தலைவர்.

“பாக்கத் தொறந்தா பேரு ஒட்டிக்கிருமா சார்?” பிச்சை வடைத் தட்டை எடுத்தபடி கேட்டார்.

“அதுவா உண்டாயிருக்கும்ணே, காளான் மாதிரி” என்றார் இளமதி.

பிற்பகலில் கட்டளையை மறுபடி தட்டிக் காட்டினார். காணாமல் போன 1,448 ஃபைல்களும் பதினோரு நிமிடத்தில் திரும்பி வந்தன. கூட்டினால் 4,867. கணக்கு நேர்.

பொய் எழுதியது தாளாளருக்குப் பெரிதாகப் படவில்லை. குழு வருவதற்கு முன்பே வெளிப்பட்டதில் அவருக்கு நிம்மதி. அவர் கவலை வேறு. “குழு வந்து எது எங்க இருக்குன்னு கேட்டா, யாருய்யா காட்டுறது?” துறைத் தலைவர் உரிம ஒப்பந்தத்தைக் காட்டத் தயாராக இருந்தார்.

“நான் காட்டுவேன் சார்” என்றார் இளமதி. “குறிப்பாணையை எடுத்துட்டு, பெர்மனென்ட் ஆர்டரைக் குடுங்க.”

“எல்லாம் முடியட்டும்மா, பாப்போம்.”

“ஒன்பது வருசமா அதத்தான் சொல்றீங்க.”

குறிப்பாணை மறுநாளே ரத்தானது. ஆணை வரவில்லை. பத்தாவது தற்காலிக ஆணை செப்டம்பர் 16 அன்று முடிந்தது. 17 பத்தாவது இடைவெளி நாள். மீலாது நபி விடுமுறையும்கூட. அன்று மாலை பிச்சை மோட்டார் சைக்கிளில் வல்லத்திராக்கோட்டைக்கு ஒரு கவரைக் கொண்டு போனார். மீண்டும் பதினொரு மாதம். இளமதி கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார்.

இரவு எட்டு மணிக்குத் தாளாளரே ஃபோன் செய்தார். “காலைல பத்து மணிக்குக் குழு வருதும்மா! நீ முதல்ல வா, மத்ததைப் பேசிக்கலாம்.”

“எப்படி சார் வாரது? ஆர்டர் இல்லாம உள்ள வந்தா நான் ஸ்டாக்ல இல்லாத பொருளாயிருவேன். அப்புறம் கூடுதல் ஒண்ணுன்னு ஐயா எழுதிருவாரு.”

எழுதியிருப்பேன். அதில் சந்தேகமில்லை.

மறுநாள் விடியற்காலை என்னை வீட்டிலிருந்து அழைத்து வந்து, புதிய ஆணையை அனுப்புகைப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னார்கள். ‘தற்காலிகம்’ என்ற சொல் எங்கும் இல்லை என்பதை இரண்டு முறை படித்து உறுதி செய்தே எண் கொடுத்தேன். பிச்சை வண்டியை முறுக்கினார். வல்லத்திராக்கோட்டையில் இளமதி வாசலில் நின்றபடி முழுவதையும் படித்து, ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திட்டு, நான் சொல்லிக் கொடுக்காமலே நேரத்தையும் எழுதி, பிச்சையின் வண்டியிலேயே ஏறிக்கொண்டார். அந்தச் சீட்டு நான்காவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ளது. கடிதம் கிடைத்தது: காலை 7.25, 18 செப்டம்பர் 2024.