மாமாவுக்கு ஹேஸ்

என் மனைவிக்கு அரசு வேலைத் தேர்வு எழுத அதுதான் கடைசி வருடம். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். அவள் பன்னிரண்டாவது முடித்தவள். நான் எட்டாவதோடு கரும்பு வெட்டப் போனவன். தமிழிலும் கணக்கிலும் அவளுக்குப் பயமில்லை. ஆங்கில வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் போட்டு, எந்தத் துண்டில் பிழை என்று கேட்பார்களே, அங்கேதான் உதைக்கும்.

சாயங்காலம் சோறாக்கிக்கொண்டே படிப்பாள். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விடையை நான் எழுத்துக்கூட்டிப் பார்த்துச் சொல்வேன். மற்றதெல்லாம் சரியாக வரும். அப்பா, வாத்தியார், டாக்டர் என்று யாராவது பெரியவர் வாக்கியத்துக்குள் வந்துவிட்டால் போச்சு. ‘மை ஃபாதர் இன் லா ஹேவ் கம்’ என்று இருந்தால், இதில் பிழையே இல்லை என்பாள்.

“ஒரு ஆளுக்கு ஹேஸ்தான்னு போட்டுருக்கே.”

“தெரியுதுங்க. மாமா வந்துட்டாங்கன்னுதானே சொல்றோம்? ‘ஆங்க’ன்னு முடிஞ்சதும் பல பேரு மாதிரி ஹேவ்தான் சரின்னு படுது.”

வாசலில் கட்டிலில் படுத்திருந்த என் அப்பா தலையைத் தூக்கினார். “இன்னாம்மா, இங்கிலீஷ்ல நானு ஒத்த ஆளுதானா?”

“ஆமா மாமா.”

“அப்ப அந்தப் பாஷையில எனக்கு மரியாத கம்மி. நீ ஹேவே போடு.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் மனம் நிலைகொள்ளவில்லை. வயலில் மேஸ்திரி வந்தால்கூட, இவருக்கு ஹேஸா ஹேவா என்று ஓடும். அந்த நினைப்பில் ஒரு நாள் கரும்போடு விரலையும் வெட்டப் பார்த்தேன்.

தேர்வுக்கு முன் வந்த பிரதோஷத்துக்கு ரிஷிவந்தியம் போனோம். அர்த்தநாரீஸ்வரர் முன்னால் நின்று, “அப்பனே, நீதான் பாத்துக்கணும்” என்று வேண்டினேன். நீ என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. வெளியே வந்ததும் அவளிடம் சொன்னேன்.

“சாமியவே நீ, வா, போன்னுதான் கூப்புடுறோம். அது கோச்சுக்குதா? பரிட்சையில எங்க அப்பாவ அவன்னு வச்சுக்கோ. வந்தான்னா ஹேஸ்.”

“ஐயய்யே, கன்னத்துல போட்டுக்குங்க! மாமாவப் போயி!”

“வாயால சொல்ல வாணாம். மனசுல நெனச்சா போதும்.”

“மனசுல நெனச்சா சாமிக்குத் தெரியாதா?”

கோபுரத்தைப் பார்த்து நானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தேர்வு கள்ளக்குறிச்சியில். பள்ளிக்கூடத்துக் கதவைச் சாத்திய பிறகு என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. டீ சொல்வேன், வருவதற்குள் கதவுக்குப் போய்விடுவேன். முருகா முருகா என்று சொல்லப் பார்த்தேன். அதுவும் பாதியில் அறுந்தது.

“யோவ், உள்ள எழுதுறது அவங்களா நீயா? ஒக்காருய்யா” என்றார் காவலுக்கு நின்றவர். உட்கார்ந்தேன். உடனே எழுந்துவிட்டேன்.

அவள் வெளியே வந்தபோது முகம் வாடியிருந்தது.

“அந்த மாதிரி வந்துச்சா?”

“வந்துச்சுங்க. கிராண்ட்ஃபாதர்னு போட்டு ஹேவ்னு இருந்துச்சு. விடைத்தாள்ல வட்டத்தப் பேனாவுல ஒரு தபா தீட்டிட்டா அழிக்க முடியாது. கை என்னாடான்னா, தப்பு இல்லங்கற வட்டத்துக்கே போய்க்கினு இருக்கு.”

“அப்புறம்?”

“மாமாவ நெனச்சேன்.” குரலைத் தாழ்த்தினாள். “அவன் வந்தான்னு நெனச்சேங்க. ஹேவ் இருந்த துண்டோட வட்டத்தத் தீட்டிட்டேன்.”

“அதாம்மா சரியான விட!”

“விட சரிதாங்க” என்றாள். கண் கலங்கியிருந்தது.

கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். வீட்டுக்குப் போனதும் அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “எப்புடிம்மா எழுதுன?” என்று கேட்டார். பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் காலில் விழுந்துவிட்டாள்.

அப்பா பதறிப்போய் என்னைப் பார்த்தார். “இன்னாடா இது, அதுக்குள்ள பாஸாயிட்டாளா?”

“ரிசல்ட்டு வர நாளாவும்பா” என்று மட்டும் சொன்னேன்.