அக்கா போட்ட பூஜ்யம்

பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு, அந்தப் பக்கம் அவர்கள் தெரு. இரண்டுக்கும் ஜென்மப் பகை. எங்கள் ஆளை அங்கே வெட்டிவிட்டார்கள் என்று எவனாவது கிளப்பிவிட்டால், அந்தத் தெருத் தையல்காரர் அது புரளி என்று சொல்லத் தனியாக எங்கள் தெருவுக்கு வந்து நிற்பார். அங்கே புரளி கிளம்பினால் எங்கள் அக்கா அவர்கள் தெருவுக்குப் போய் நிற்பாள். சொந்த ஆள் சொன்னால் எவன் நம்புவான்? அடி விழும் என்று தெரிந்தே வந்தவர் பொய் சொல்லமாட்டார் என்று கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலையும். பதினோரு வருஷம் இதுதான் இருவருக்கும் வேலை.

சம்பளம் அரசாங்கத்தின் சமாதான நிதியிலிருந்து வந்தது. வருஷ முடிவில் ஒரு படிவம். 'இந்த ஆண்டு நடந்த மோதல்கள்' என்ற கட்டத்தில் போன தடவை அக்கா கொட்டை எழுத்தில் பூஜ்யம் போட்டாள். வாயெல்லாம் பல்.

"தடுத்ததையெல்லாம் எழுதுக்கா, பிழைக்கத் தெரியாதவளே!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"நடக்காததை எப்படிடி எழுதுறது?"

மோதலே இல்லாத இடத்துக்குச் சமாதானம் எதற்கு என்று நிதியை நிறுத்தினார்கள். அந்தப் பணத்தில் பாலத்தில் ஒரு காவல்சாவடி முளைத்தது. துப்பாக்கி பிடித்தவர்கள் எல்லாம் வெளியூர் ஆட்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் கடக்கக்கூடாதாம். பாவிகள், நினைத்தாலே வயிறு எரிகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், எங்கள் தெரு லாரி ஓட்டுநரை அந்தத் தெருவில் அடித்துக் கொன்றுவிட்டதாகப் பேச்சு. கூட்டம் பாலத்தை நோக்கிக் கிளம்பியது. தையல்காரர் அக்காவின் போனில் வந்தார்.

"அவரு என் கடையிலதாம்மா உட்கார்ந்திருக்காரு. டயர் பஞ்சர், அவ்வளவுதான்."

கூட்டத்தின் காதில் விழும்படி ஓட்டுநரையே போனில் பேசவைத்தாள் அக்கா. கத்தியைக் காட்டிப் பேசவைக்கிறார்கள் என்றது கூட்டம்.

"நானே நேர்ல வரேன்," என்றார் தையல்காரர்.

"வேணாம்ணே! சீட்டு இல்லாம விடமாட்டாங்க."

"கெஞ்சிக் கேட்டா விடுவாங்கம்மா. ஆளுங்க கையில கல்லை எடுக்குறதுக்குள்ள நான் வந்துடணும்."

ஓடிவந்தார். சாவடிக்காரன் நிற்கச் சொல்லிக் கத்தினான். அது அவர் காதில் விழவில்லையோ, விழுந்தும் ஓடினாரோ. இரண்டு முறை சுட்டான்.

அவர் பாலத்திலேயே கிடந்தார். அக்காவைக் கிட்டே விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் போன் அடித்தது. தையல்காரர் மனைவி.

"எல்லாரும் என்னென்னவோ சொல்றாங்கக்கா. நான் யாரையும் நம்பல. நீங்க சொல்லுங்க."

அக்கா பாலத்தில் கிடந்தவரை இன்னொரு முறை பார்த்தாள்.

"நிஜந்தாம்மா," என்றாள்.