ஈரக் கிழங்கு விற்க மாட்டேன்

நான் நெசவு வீட்டில் பிறந்தவள். கடைத்தெருவில் விதைக்கடை வைத்திருக்கிறேன். கத்தரி, வெண்டை விதைப் பாக்கெட்டுகளோடு சம்பங்கிக் கிழங்கும் விற்கிறேன். கோயில் மாலைக்குச் சம்பங்கி கேட்டுக்கொண்டே இருக்கும் ஊர் இது. கிழங்குக்கும் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். இந்தத் தொழிலை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. வாங்க வந்தவர்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டுத்தான் படித்தேன். அதில் நல்ல வார்த்தையும் உண்டு, வசவும் உண்டு. வசவுதான் மறக்கவில்லை.

முதல் வசவை எனக்கு வாங்கித் தந்தது ஒரு பூவாளி. வெயில் நாளில் எங்கள் வீட்டில் தறிக்குழியைச் சுற்றித் தண்ணீர் தெளிப்பார்கள். தறியில் கட்டிய பாவு நூல் காய்ந்தால் இழை அறுந்துவிடும். ஈரம் இருந்தால்தான் எதுவும் பிழைக்கும் என்று நினைத்தே வளர்ந்தேன். கடை திறந்த வருடம் வந்த கிழங்குக்கும் பூவாளியால் காலை மாலை தெளித்தேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. திருப்புட்குழியில் பூ பயிரிடும் ஓர் அக்கா அரை ஏக்கருக்கு வாங்கிப் போனார். பாதி மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டது. திரும்பி வந்து கடை வாசலில் நின்றார்.

“கிழங்க வித்தியா, ஊறுகாய வித்தியா?”

தெருவே சிரித்தது. அழுகினதற்கு வேறு கிழங்கு கொடுத்தேன். போன பருவத்தை எங்கிருந்து கொடுப்பது?

அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். தோண்டிய கிழங்கு ஏறக்குறைய ஒரு மாதம் நிழலில் கிடக்க வேண்டும். பரப்பி, புரட்டி, மண் உதிர்ந்து, தோல் சுருங்கினால்தான் சீராக முளைக்கும். சுருங்கினால் எடை குறையும். அதனால் பலர் காத்திருப்பதில்லை.

இந்த வருடம் வைகாசிக் கடைசியில், வாலாஜாபாத் பக்கத்து மொத்த வியாபாரி வேனில் கொண்டுவந்து பாதியை என் கடையில் இறக்கினார். சேறுகூடக் காயவில்லை.

“இன்னிக்கே வித்துடும்மா. எடை நிக்கும்.”

“ஒரு மாசம் காயட்டும்பா.”

“கிழங்குக்கு இன்னா பிரசவமா ஆயிருக்குது, மாசக்கணக்குல படுத்துக்கினு இருக்க?”

“ஆமா. தாய்க்கிழங்குலருந்து பிச்சிதான கொண்டாந்திருக்க?”

அந்த நேரம் பார்த்து திருப்புட்குழி அக்கா வந்து நின்றார். மூன்று வருடமாக என் கடைப்பக்கம் தலைகாட்டாதவர். நிலம் உழுது தயாராக இருக்கிறதாம். இந்தத் தடவையும் கெட்டால் அரை ஏக்கரையும் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கூலிக்குப் போகவேண்டியதுதான் என்றார்.

“காயாம தர மாட்டேன்கா,” என்றேன்.

“கடைய தொறந்து வச்சிக்கினு விக்க மாட்டேன்ற. நல்லா இருக்குது உன் வியாபாரம்.”

வியாபாரி அவர் பக்கம் திரும்பினார். “வேன்ல பாதி இருக்குதும்மா. இப்பவே எடுத்துக்கினு போ.”

“தாராளமா வாங்கிக்கக்கா. ஆனா என் தராசுல அத ஏத்த மாட்டேன்,” என்றேன்.

“அடுத்த லோடு உனக்குக் கெடையாது,” என்றார் வியாபாரி.

“வேணாம்பா. தோண்டுற தோட்டத்துக்கு நானே பஸ் ஏறிப் போறேன்.”

அக்கா வேனிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து நகத்தால் அழுத்தினார். தண்ணீர் கசிந்தது. அதை வியாபாரியின் உள்ளங்கையிலேயே வைத்தார்.

“ஊறுகாய நீயே போட்டுக்க.”

என்னை நம்பிவிட்டாரா? அதுவும் இல்லை. “பொரட்டுறத நானே பாத்துக்கறேன். உன்கிட்ட உட்டா மறுபடி குளிப்பாட்டுவ,” என்றார். சொன்னபடியே வாரம் இரண்டு தடவை பஸ்ஸில் வந்தார். கடைக்குப் பின்னால் மணலில் பரப்பியிருந்ததைப் புரட்டி, அழுகலைப் பொறுக்கி வீசினார். எனக்கென்று ஒரு நல்ல வார்த்தை கிடையாது. அதற்குள் பக்கத்துக் கடைகளில் ஈரக் கிழங்கு விற்றுத் தீர்ந்தது.

“உன் கிழங்கு எப்போ எழுந்திருக்கும்?” என்று கேட்டார் ஒரு கடைக்காரர்.

“உங்ககிட்ட வாங்கினவங்க சண்டைக்கு வர்றதுக்கு முன்னாடி எழுந்துடும்ணே.”

ஆடி பிறந்ததும் அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்து மூட்டை கட்டினார். ஆட்டோவில் ஏற்றியபின் திரும்ப உள்ளே வந்து, மூலையில் கிடந்த பூவாளியைத் தூக்கிக்கொண்டார்.

“இது என் தோட்டத்துல இருக்கட்டும். உன் கடைக்கு ஆவாது.”

முளை சீராக வந்திருக்கிறதாம். அதை அவர் வாயால் சொல்லவில்லை. இன்னும் கால் ஏக்கருக்குக் கிழங்கு வேண்டுமென்று ஆள் அனுப்பினார். ஈரம் இருந்தால் திருப்பி அனுப்புவாராம். தோட்டத்துக்கே போய் வாங்கி வந்து பரப்பியிருக்கிறேன். கேட்டு வருகிறவர்களை எல்லாம் கிழங்கு காய்ந்தபின் வரச் சொல்கிறேன், அந்த அக்காவையும் சேர்த்து. பூவாளி இன்னும் வாங்கவில்லை.