கதவுக்குக் கீழே பட்டி

ராயபுரத்தில், பழைய கார்களை மதிப்பிட்டு அறிக்கை தரும் அலுவலகத்தில் எனக்கு வேலை. ஒரு சேகரிப்பாளர் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்றை வாங்க நினைத்தார். எதை வாங்கலாம் என்று ஒப்பிட்டு எழுதும் பொறுப்பு முதல்முறையாக என்னிடம் வந்தது. அறிக்கையின் கீழே என் பெயர், பெயருக்குப் பின்னால் பட்டம். எங்கள் வீட்டில் முதல் பட்டம் அதுதான்.

ஒன்று பச்சை நிற இங்கிலாந்து கார். நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரங்கள், மரத்தில் ஸ்டீயரிங். யார் பார்த்தாலும் அதைத்தான் கேட்பார்கள். மற்றது வெள்ளி நிற ஜெர்மன் கார். இன்ஜின் பின்னால், முகம் தவளை போல. சேகரிப்பாளரின் மனம் பச்சையில் இருந்தது.

பச்சையின் இடது கதவுக்குக் கீழே, துணி சுற்றிய காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை. விரலை மடக்கித் தட்டினேன். சத்தம் அமுங்கி வந்தது. துருப்பிடித்துப் போன தகட்டின் மேல், ஓட்டையை மூடும் பசையான பட்டியை அப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்திருந்தார்கள். வெள்ளிக் கார் எங்கே தட்டினாலும் கணீரென்றது. வெள்ளியை வாங்குங்கள் என்று எழுதினேன். பச்சையைப் பற்றி, 'தொழில் தெரியாத கை செய்த வேலை' என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது.

அறிக்கையை அனுப்பிவிட்டு, ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போனேன். நைனா திருவொற்றியூரில் ஒரு ஷெட்டில் டிங்கர். நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துவார். படிக்கத் தெரியாது. அவர் வேலையைப் பற்றி நான் கேட்டதே இல்லை.

"இன்னா எய்திகீற, படி," என்றார்.

"காரு வாங்கப்போற மூஞ்சப் பாரு," என்று அவரைக் கிண்டல் செய்தாள் அம்மா.

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பச்சைக் காரைச் சொன்னதும் நைனா கையைக் காட்டி நிறுத்தினார்.

"லெஃப்ட் சைடா? கதவுக்குக் கீயயா?"

"ஆமா."

"அது நான் பண்ணது. வெட்டிட்டுப் புதுத் தகடு வெக்கணும்னு சொல்லிக்கினே இருந்தேன். ரெண்டு நாள்ல வண்டி போவணும், பட்டி போட்டு மூடுன்னாரு ஷெட் ஓனரு." காட்டிய கையை இறக்கினார். "சரி, மேல படி."

அந்த வரியைத் தாண்டிப் படித்தேன்.

சேகரிப்பாளர் வெள்ளியை வாங்கினார். பச்சையை விற்க வந்தவர், சேகரிப்பாளர் காட்டிய அறிக்கையோடு நைனாவின் ஷெட்டுக்குப் போனார். பட்டி போடச் சொன்னதை ஷெட் ஓனர் ஒப்புக்கொள்ளவில்லை. நான் தாண்டிய வரியை எல்லார் முன்னாலும் நைனாவுக்குப் படித்துக் காட்டினார்.

"கையெழுத்து ஒம் பொண்ணுதுதான்பா," என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார்.

நைனா இப்போது எண்ணூரில் ஜன்னல் கிரில்லுக்கு வெல்டிங் வைக்கிறார்.

"மாத்தி எழுதித் தரேன் நைனா," என்றேன்.

"இன்னாத்துக்கு? பட்டிதான கீது அங்க."

போன வாரம் சேகரிப்பாளர் போன் செய்தார். வெள்ளிக் காரின் பின்பக்கம் லேசாக நசுங்கிவிட்டதாம். பட்டி போடாமல், தட்டியே நிமிர்த்தும் நல்ல டிங்கர் யாரையாவது தெரியுமா என்று கேட்டார்.

நைனாவின் பெயரைச் சொன்னால், பச்சைக் காரைச் செய்த கையும் அதுதான் என்று சொல்ல வேண்டும். அப்புறம் என் கையெழுத்தை யார் நம்புவார்கள்?

"தெரியாது சார்," என்றேன்.