ஒன்றரை அடி

நான் அந்தப் பள்ளிக்கு ஆசிரியையாகப் போன வருஷம், மூன்றாம் வகுப்பை மூன்று சிறுமிகள் இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். மூவரும் தேறியவர்கள்தான். அதில் ஒருத்தி வகுப்பிலேயே முதல். ஏன் இப்படி என்று தலைமையாசிரியை சிஸ்டரிடம் கேட்டேன்.

"நாலாம் வகுப்பு நம்மகிட்ட இல்லையேம்மா. வீட்டுக்கு அனுப்பினா திரும்ப வராதுங்க. அதான் உட்கார வெச்சிருக்கேன்" என்றார்.

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் பாதையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, மாதா கோயிலை ஒட்டி இருந்தது பள்ளி. இரண்டே அறைகள். சிஸ்டரும் நானும் மட்டும் ஆசிரியைகள். பிள்ளைகள் எல்லாரும் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், பாதிப் பேர் இந்துக்கள். காலை ஜெபத்தில் எல்லாரும் ஒன்றாகத்தான் கத்திப் பாடுவார்கள். நாலாம் வகுப்பு படிக்க ஏற்காடு டவுனுக்குப் போக வேண்டும். பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. எட்டு வயதுப் பெண்ணைத் தனியாக ஏற்றிவிட யாருக்கும் மனம் வராது. மூன்றாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகள் லைன் வீட்டில் நின்று, காப்பி பறிக்கப் போகிற பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்கள். படிப்பு அதோடு சரி.

வகுப்பில் முதலாவதாக வந்த அந்தச் சிறுமியின் அம்மா காப்பி பறிக்கிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவருடைய மூத்த மகளும் எங்கள் பள்ளியில் படித்து மூன்றாவதோடு நின்றவள்தான். பன்னிரண்டு வயதில் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று நாள் முழுக்க ஊரார் குழந்தைகளோடு திரிவாள்.

"ஏனுங்க டீச்சர், பெரியவளைத்தான் நிறுத்திப்போட்டேன். சின்னவளையும் நிறுத்த வேண்டாமுங்க. இன்னொரு வருஷம்னாலும் மூணாப்பே படிக்கட்டுமுங்க" என்றார் அக்கா. ஒரே பாடப் புத்தகத்தை மூன்றாவது முறையாக ஒரு பிள்ளை கையில் கொடுப்பதா?

சிஸ்டர் கல்வி அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஜனவரியில் பதில் வந்தது. அந்தச் சமயம் பார்த்து சிஸ்டர் டைபாய்டு காய்ச்சலில் சேலத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கடிதத்தை நான்தான் பிரித்தேன். இங்கிலீஷில் டைப் அடித்த இரண்டு பக்கம். பள்ளி திறப்பதற்குள் இருபது அடி நீளத்தில் இன்னொரு அறை கட்டினால் நாலாம் வகுப்புக்கு அனுமதி தருகிறோம், அகலத்துக்குப் பழைய கட்டடத்தின் அகலமே போதும் என்று புரிந்துகொண்டேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என் இங்கிலீஷ்மேல் எனக்கு நல்ல நம்பிக்கை. கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு லைன் வீடுகளுக்கு ஓடினேன்.

கட்டுவதற்கு ஆள் இருந்தார். எஸ்டேட்டில் மண் சரியாமல் கல்கட்டு கட்டுகிற கொத்தனார். அவருடைய பெண் எங்களிடம் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். அதிகம் பேசமாட்டார், சிரிக்கவும் மாட்டார். "நீளம் எத்தனைங்க?" என்று மட்டும் கேட்டார். இருபது அடி என்றேன். பழைய கட்டடத்தின் கடைசிச் சுவரிலிருந்து கயிறு பிடித்து அளந்து, இருபதாவது அடியில் முளைக்குச்சி அடித்தார்.

பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வேலை நடந்தது. பூசை முடிந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் கோயிலைவிட்டு வெளியே வரும்போது, மற்றவர்கள் ஓடையில் இறங்கிக் கல் பொறுக்கத் தொடங்கியிருப்பார்கள். ஆண்கள் பெருங்கற்களைக் கட்டையில் கட்டித் தூக்கி வருவார்கள். பெண்கள் செம்மண் குழைப்பார்கள். சாய்ந்து கிடந்த சில்வர் ஓக் மரங்களை எடுத்துக்கொள்ள, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் முதலாளி துரையிடம் அனுமதி வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகள் வரிசையாக நின்று சின்னக் கற்களைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். இந்த வரிசையை நான்தான் மேய்த்தேன். ஏப்ரல் கடைசியில் மூன்று புதுச் சுவர்களும் நின்றன. மேலே தகரமும் ஏறிவிட்டது.

மே மாதம் முதல் வாரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். வயதானவர், மரியாதையாகப் பேசுகிறவர். எல்லாவற்றையும் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். பையிலிருந்து டேப்பை எடுத்தார். அறைக்குள்ளே போய் ஒரு நுனியை என் கையில் கொடுத்துவிட்டு மறு நுனியோடு எதிர்ச்சுவருக்கு நடந்தார்.

"பதினெட்டரைதான் வருதேம்மா."

இல்லை சார், இருபது என்றேன். மறுபடி அளந்தார். பதினெட்டரையேதான். வெளியிலிருந்து அளந்தால் சரியாக இருபது. கடைசிச் சுவரின் கனம் ஒன்றரை அடி. அவர் கடிதத்தை வாங்கி ஒரு வரியை விரலால் காட்டினார். இருபது அடி என்பதற்கு முன்னால் 'உட்புறம்' என்று பொருள்படும் ஓர் இங்கிலீஷ் சொல் இருந்தது. கடிதம் மடிந்திருந்த இடத்தில், மை கொஞ்சம் மங்கி. ஆனால் படிக்கிறவர்களுக்குத் தெரியும்படிதான் இருந்தது.

"நான் போட்ட சட்டமில்லம்மா. குறைச்சு எழுதிக் கையெழுத்துப் போட்டா நாளைக்கு வேற ஒருத்தர் வந்து வகுப்பையே மூடிடுவாங்க. ஜூன் முதல் வாரம் திரும்ப வரேன். அதுக்குள்ள சரி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போனார்.

காய்ச்சல் விட்டு விட்டு வந்து மூன்று மாதத்துக்குமேல் படுத்திருந்த சிஸ்டர் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார். எலும்பும் தோலுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம், நான் வேலையை விட்டுப் போகிறேன் என்று அழுதேன். அவர் என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.

"போறதானா போ. ஆனா இன்னைக்குச் சாயங்காலம் அவங்ககிட்ட நீயே சொல்லிட்டுப் போ. நான் கூட வரேன். பேச மாட்டேன்."

சாயங்காலம் வேலைவிட்டு வந்தவர்களை லைன் வீடுகளுக்கு முன்னால் கூட்டினோம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். கடிதத்தில் உள்ளளவு என்று போட்டிருந்தது, நான் அதைப் படிக்காமல் விட்டுவிட்டேன், தப்பு என்னுடையது, கொத்தனாருடையது இல்லை என்று.

கொத்தனார்தான் முதலில் வாய் திறந்தார். "மூணு மாசம். ஒரு ஞாயித்துக்கெழம ஊட்ல இருந்ததில்லை. என் கட்டுல ஒரு நூல் பிசகு இருக்குதான்னு பாருங்க. உள்ளளவுன்னு ஒரு வார்த்தை சொல்லீருந்தா மொதல்லயே தள்ளிப் போட்டிருப்பனுங்களே" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பின்னாலிருந்து யாரோ, நமக்கு இவ்வளவுதான் கொடுப்பினை, விடுங்க என்றார்கள். கூட்டம் கலையப் பார்த்தது.

அப்போது அக்கா கேட்டார். "டீச்சர், எத்தனை செவுருங்க தள்ளி வெக்கோணும்?"

"ஒரு சுவர்தான் அக்கா. கடைசிச் சுவர்."

"ஒரு செவுருதானுங்களே. சிமிட்டி போட்டா கட்டினோம்? மண்ணுதான? பிரிச்சு வெச்சுப்போடலாம்."

"பிரிக்கிறது பெருசில்ல" என்றார் கொத்தனார். "அந்தப் பக்கம் சரிவு. ஒன்றரை அடி வெளிய தள்ளினா அஸ்திவாரம் அந்தரத்துல நிக்கும். கீழே இருந்து ஆறடி கல்கட்டு ஏத்தோணும். மழைக்கு முன்னால ஆகுமா? நம்மளால ஆகாது." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

வரும் வழியில் சிஸ்டர், "எப்பக் கிளம்பறே?" என்று கேட்டார். சுவர் எழும்பிய பிறகு என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வரவில்லை. ஆண்களில் நாலைந்து பேர்தான் வந்தார்கள். ஆனால் பெண்கள் இருபது பேருக்குமேல் வந்திருந்தார்கள். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடப்பாரையால் சுவரின் மூலையில் ஒரு கல்லை நெம்பினார். நான் அடுத்த கல்லைப் பிடித்து இழுத்தேன். பாதி உயரம் மட்டும் கைக்கு எட்டியதால், எட்டின இடத்திலிருந்தே பிரித்துக்கொண்டு போனோம். அரை மணி நேரம் ஆகியிருக்கும். மேலே தகரம் லேசாக முனகியது.

"யாரு சாமி அது? நகருங்க! எல்லாரும் நகருங்க!"

கொத்தனார் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஓடி வந்துகொண்டிருந்தார். வந்தவர் அக்காவின் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கினார்.

"அடியில உருவினா கூரை தலைமேல வுழுமுங்க. மேல இருந்துதான எடுக்கோணும்? மொதல்ல முட்டுக் குடுக்கோணும்னு கூடத் தெரியாம..."

"தெரிஞ்சவங்க ஊட்ல படுத்திருந்தா தெரியாதவங்கதான எடுக்கோணும்?" என்றார் அக்கா.

கொத்தனார் ஆண்களை அனுப்பி மரம் கொண்டுவரச் சொன்னார். மதியத்துக்குள் கூரையைத் தாங்கி ஆறு முட்டுகள் நின்றன. பிறகு உச்சியிலிருந்து ஒவ்வொரு கல்லாக இறக்கினோம். எந்தக் கல் எந்த வரிசை என்று தரையில் பிரித்து அடுக்கச் சொன்னார்.

என்னோடு மட்டும் அவர் பேசவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை அக்காவிடம் சொல்வார். "டீச்சரை அந்தக் கல்லைத் தூக்க வேண்டாம்னு சொல்லுங்க." நான் தூக்குவேன். என் உள்ளங்கைத் தோல் இரண்டே நாளில் உரிந்துபோனது. பிள்ளைகளுக்கு விடுமுறை என்பதால் நான் தினமும் போனேன். அது எஸ்டேட்டில் பறிப்பு இல்லாத காலம், வேலை சீக்கிரம் முடிந்துவிடும். மற்றவர்களும் நாலு மணிக்கு வந்து, இருட்டும்வரை இருந்தார்கள்.

சரிவில் கல்கட்டு ஏற ஏறக் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஒரு மாலை பெய்த மழையில் இரண்டு வரிசை மண் கரைந்து, கற்கள் கீழே காப்பிச் செடிகளுக்குள் உருண்டு போயின. மறுநாள் அவற்றைத் தேடி எடுத்து வந்தோம். அட்டை கடித்து என் கணுக்காலெல்லாம் ரத்தம். நடுவில் சேர்வராயன் கோயில் திருவிழா வந்தது. ஒரு நாள் வேலை இல்லை என்று நினைத்தேன். காலையில் மலைமேல் போய்ச் சாமி கும்பிட்டவர்கள், மத்தியானம் நெற்றியில் திருநீறும் குங்குமமுமாக நேரே பள்ளிக்கு வந்துவிட்டார்கள். சிஸ்டர் எல்லாருக்கும் கோதுமைக் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தார்.

கல்கட்டு ஆறடி எழுந்த பிறகு, சுவருக்கு முதல் கல் வைக்கும் நாளில் கொத்தனார் வேலையை நிறுத்தினார். நேராக என்னிடம் வந்தார்.

"டீச்சர், அந்தக் கடுதாசியக் கொண்டாங்க."

கொண்டு வந்தேன்.

"ஒவ்வொரு வார்த்தையா படிச்சுச் சொல்லுங்க. ஒண்ணையும் உடக்கூடாது."

எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். தேதியிலிருந்து கையெழுத்துவரை ஒவ்வொரு சொல்லாகப் படித்துத் தமிழில் சொன்னேன். நிச்சயமில்லாத இடத்தில் சிஸ்டரின் அகராதியைப் பார்த்தேன். ஜன்னல் எத்தனை, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது. கொத்தனார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"செவுத்துக்குப் பூச்சு பூசினப்புறம் அளப்பாங்களா, முன்னாலயா?"

"அது போடலீங்க."

"அப்போ பூச்சுக்கும் சேத்து நாலு விரக்கடை தள்ளியே வெக்கறனுங்க" என்று எழுந்தார். அன்றிலிருந்து என்னோடு நேராகவே பேசினார்.

சுவர் வெளியே தள்ளிப்போனதால் கூரை எட்டவில்லை. தான் தங்கியிருந்த கன்னியர் மடத்து விறகுக் கொட்டகைத் தகரத்தைக் கழற்றிக்கொள்ளச் சொன்னார் சிஸ்டர். அந்த வருஷ மழையில் மடத்தில் ஈர விறகைத்தான் ஊதி ஊதி எரித்தார்கள்.

சொன்னபடி ஜூன் முதல் வாரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். லைன் வீட்டுப் பெண்கள் அன்று வேலைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போகிறோம் என்று ரைட்டரிடம் சொல்லிவிட்டு வாசலில் நின்றார்கள். டேப்பின் ஒரு நுனியைப் போன தடவைபோலவே நான் பிடித்துக்கொண்டேன். எதிர்ச்சுவரில் அவர் குனிந்து பார்த்தார்.

"இருபது அடி ரெண்டு அங்குலம்" என்றார். பிறகு பின்பக்கம் போய் சரிவை எட்டிப் பார்த்தார். கீழிருந்து எழும்பிய கல்கட்டைக் காட்டி, "இதை யார் கட்டினது?" என்று கேட்டார். கொத்தனார் அக்காவைப் பார்த்தார், அக்கா கொத்தனாரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் என் மேஜையிலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

நாலாம் வகுப்புக்குப் பதினொரு பிள்ளைகள் சேர்ந்தார்கள். முதல் நாள் அக்கா தன் சின்ன மகளோடு மூத்தவளையும் கூட்டி வந்தார்.

"ஏனுங்க சிஸ்டர், இவளுக்கு வயசு ஜாஸ்திங்க. ஆனா மூணாப்பு பாஸுங்க. சேத்துக்குவீங்களா?"

"குழந்தைங்களை யார் பார்த்துக்குவா?" என்றார் சிஸ்டர்.

"நாங்க நாலு பேரு முறை போட்டிருக்கறமுங்க. வாரத்துல ஆளுக்கொரு நாள் வேலைக்குப் போகாம இருந்துக்கறோம். பாக்கி ரெண்டு நாளைக்குக் கொத்தனாரோட அம்மா."

சிஸ்டர் பதிவேட்டைத் திறந்து மூத்தவளின் பெயரை எழுதினார். அவள் தன்னைவிட ஒரு முழம் குட்டையான பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எழுத்துக்கள் பாதி மறந்துபோயிருந்தன. தங்கைதான் பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். தங்கை பிற்பாடு டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய் மேலே படித்தாள். மூத்தவள் எங்களிடம் ஐந்தாவது முடித்துவிட்டுக் காப்பி பறிக்கத்தான் போனாள். அவளுக்கு அதற்குமேல் எங்களால் செய்ய முடியவில்லை, அது எனக்கு இன்றும் குறைதான்.

நான் கிளம்பவில்லை. அடுத்த வருஷம் ஐந்தாம் வகுப்புக்கு அறை வேண்டியிருந்தது. அதற்காக, நாலாம் வகுப்பு தொடங்கிய வருஷம் முழுக்க, ஓடைப் பக்கமாக வருகிற பிள்ளைகள் ஆளுக்கொரு கல்லோடுதான் பள்ளிக்கு வந்தார்கள்.