துதிக்கையில் விழுந்த சுழி

எங்கள் வீட்டில் சப்பாத்தி நேரத்துக்குக் கிடைக்கவில்லை என்றால், அத்தை ஏதோ மிருகம் செய்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். அப்பாவின் தங்கை அவள். பிசைந்த மாவை எடுத்து முயலாகவோ நாயாகவோ பிடிப்பாள். வயிற்றைச் சுற்றி நூலை ஓட்டி அளந்து, இத்தனை சுற்று, இத்தனை கண்ணி என்று நோட்டில் எழுதுவாள். பிறகு குரோஷா ஊசியும் உல்லனுமாக உட்கார்ந்தால், இரண்டு நாளில் அதே முயல் பஞ்சடைத்த பொம்மையாகிவிடும்.

எழுத்து எப்படி முயலாகிறது என்பது எனக்குத் தீராத ஆச்சரியம். நோட்டைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். 'கூ' என்றால் கண்ணியைக் கூட்டு, 'கு' என்றால் குறை. அவ்வளவுதான். அதில் காது எங்கே, மூக்கு எங்கே என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் இருந்தோம். நான் நாலாம் வகுப்பு. பக்கத்துப் பெண்கள் பள்ளிக்குத் தையல் டீச்சர் தேவைப்பட்டது.

"புஸ்தகத்தைப் பார்த்து யார் வேணும்னாலும் பின்னிடுவாங்க. நீங்க எழுதிக் குடுத்து நாலு பேர் பின்னணும். நம்ம சர்ச் அறுப்புப் பண்டிகை விற்பனைக்கு வரேன், காட்டுங்க" என்று தலைமையாசிரியை அத்தையிடம் சொல்லியிருந்தார். அத்தைக்கு அந்த வேலையின் மேல் கொள்ளை ஆசை. மாவில் யானை பிடித்தாள். அந்த வாரம் முழுக்க எங்களுக்கு உப்புமாதான்.

என் கையெழுத்து அழகு என்பதால் படியெடுக்கும் வேலை எனக்கு வந்தது. அப்பா ஆபீசிலிருந்து கார்பன் தாள் கொண்டுவந்தார். ஒரே அழுத்தில் நான்கு படிகள். உடம்பு, கால் வரை அடக்கமாகவே எழுதினேன். துதிக்கைக்கு வந்தபோது உற்சாகம் தாங்காமல், ஒவ்வொரு 'கு'வின் வாலிலும் ஒரு சுழி போட்டேன்.

விற்பனையன்று காலை படிகளை வாங்கிப்போயிருந்த சர்ச் பெண்கள் நால்வரும் நான்கு யானைகளைக் கொண்டுவந்தார்கள். போகப் போகச் சிறுக்க வேண்டிய துதிக்கை, நான்கிலும் போகப் போக விரிந்திருந்தது.

"எழுதினபடியேதான் பின்னினோம்" என்றார்கள்.

பம்மலிலிருந்து கீரை கொண்டுவந்த அம்மாள் சிரித்தே விட்டாள். "இன்னாம்மா இது, யானை நாயனம் ஊதிகினு கீது!"

அத்தை தாளை வாங்கிப் பார்த்தாள். 'கு' எல்லாம் 'கூ' ஆகியிருந்தது. "உன் சுழி பண்ணின வேலையா இது?" என்றவள், துதிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கூட்டிக்கிட்டே போனா இப்படியா விரியுது!" என்று கண்ணிகளை எண்ணவும் ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான்கு யானைகளும் பத்தே நிமிஷத்தில் விற்றுப்போயின.

கடைசி யானை கைமாறும்போது தலைமையாசிரியை வந்தார். துதிக்கையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "இதை எழுதினது யாரு?"

நான் ஓரடி முன்னால் வந்தேன். அத்தை என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"நான்தான் மேடம்."

என் துதிக்கையை இவள் தன்னுடையது என்கிறாளே! ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. மாவில் குரங்கு பிடித்துக் காட்டினாள், அதற்கும் மசியவில்லை.

பள்ளி திறந்தபோது வேறு யாரோ தையல் டீச்சராக வந்தார்கள். "நீ ஏன் போகலே?" என்று அத்தையிடம் கேட்டேன்.

"எழுத்து சரியில்லையாம்" என்று சிரித்தாள்.

"அதுக்குத்தான் சொல்றேன்" என்றேன், கோபம் இன்னும் தீராமல். "அன்னைக்கே நான் எழுதினதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"